அயப்பாக்கத்தின் பாடமும் வார்டின் கேள்வியும்

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்த தொழிலாளி, நெஞ்செரிச்சல் என்று அரசு மருத்துவமனைக்கு வருகிறார். மாத்திரை வாங்கிப் போகிறார். மூன்று மாதத்தில் அதே எரிச்சலோடு திரும்புகிறார். தண்ணீரா, மதுவா, வலிமாத்திரையா, வேளை தவறிய சாப்பாடா, ஹெலிகோபாக்டர் கிருமியா? ஒரு நோயாளியை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. நூறு பேரை முறைப்படி பதிந்து, ஒப்பிட்டு, தொடர்ந்து பார்க்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். அப்படிப்பட்டவரை நம் பயிற்சிமுறை உருவாக்குகிறதா?

அந்தப் பயிற்சியின் தலைமையிடம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், ஆவடியின் தொழுநோய்க் கள ஆய்வுப் பிரிவும் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் இணைந்து 1999-இல் உருவானது. 2001 முதல் இரண்டாண்டு களப்பயிற்சிப் பட்டப்படிப்பை நடத்துகிறது. அது நடத்தும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பு 2019 முதல் நாடெங்கும் மருத்துவ மேற்படிப்பு மாணவர்களுக்குக் கட்டாயமாகியிருக்கிறது.

இந்த இணையவழிப் படிப்பின் பெரிய நன்மை சமவாய்ப்பு. முன்பு ஆய்வுமுறை கற்பது, வாய்த்த வழிகாட்டியைப் பொறுத்தது. இன்று ராமநாதபுரத்தில் படிப்பவரும் டெல்லியில் படிப்பவரும் ஒரே பாடத்தைக் கேட்கிறார்கள். எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும், சார்பு எங்கே நுழையும், நோயாளியின் ஒப்புதலை எப்படிப் பெற வேண்டும் என்பவை எல்லோருக்கும் பொதுவான அறிவாகின்றன. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் நீச்சல் பாடம் கேட்பது வேறு, குளத்தில் இறங்குவது வேறு. மூன்றாண்டு மேற்படிப்பில் ஆய்வேடு எழுதியாக வேண்டும். கெடு நெருங்கும்போது, முடிக்கக்கூடிய கேள்வி முன்னே வருகிறது. முக்கியமான கேள்வி ஒதுங்கிவிடுகிறது. குடல், ஈரல் நோய்களில் இந்த இழப்பு பெரிது. ஈரல் சுருக்கமும் நாள்பட்ட குடல் அழற்சியும் ஆண்டுக்கணக்கில் நகர்பவை. ஓராண்டில் திரட்டிய தரவு அவற்றின் ஒரு பக்கத்தையே காட்டும். காலையில் வார்டு, பிறகு எண்டோஸ்கோபி, இடையில் அவசர ரத்த வாந்தி என்று ஓடும் இளம் மருத்துவருக்கு, யோசிக்கவென்று ஒரு மணி நேரம்கூட அட்டவணையில் இல்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரை தேவை என்ற விதி, எண்ணிக்கையைக் கூட்டும். தரத்துக்கு உறுதி தராது.

களப்பயிற்சி வேறு வகை. 2004-இல் ஒடிசாவின் பாரிபதாவில் மஞ்சள் காமாலை பரவியபோது, இந்நிறுவனத்தின் ஆய்வுக்குழு நோயாளிகளைத் தேடிக் கணக்கெடுத்தது. குழாய் வழியைப் பின்தொடர்ந்தது. நகராட்சியின் நீர்ச் சுத்திகரிப்பு சில நாள் தடைப்பட்டதே ஹெபடைடிஸ் இ பரவக் காரணம் என்று காட்டியது. கேள்வி ஊரில் பிறந்தது, விடை ஊருக்கே பயன்பட்டது. இதன் குறை என்னவென்றால், இதில் சேர்பவர்கள் மிகச் சிலர்; பெரும்பாலும் பொதுச் சுகாதாரத் துறையினர். வார்டில் ஈரல் நோயாளியைப் பார்க்கும் நிபுணரை இது எட்டுவதில்லை.

இரண்டுக்கும் இடையிலான வழியை வேலூர் காட்டியது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வடஆற்காட்டுக் கிராமங்களை வாட்டிய ஸ்ப்ரூ எனும் குடல் நோயை ஆராய்ந்தார். அவரோடு உழைத்த வி. ஐ. மாத்தன் அந்தப் பணியைத் தொடர்ந்தார். அந்த ஆய்வகத்தில்தான் பின்னாளில் ககன்தீப் காங் ரோட்டா வைரஸை ஆராய்ந்தார். 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானியானார். ரோட்டாவேக் தடுப்பூசியின் இறுதிக்கட்டச் சோதனையில் பங்கேற்ற 6,799 குழந்தைகளில் ஒரு பகுதியினர் வேலூர்க் குழந்தைகள். வார்டு, ஆய்வகம், கிராமம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன; தலைமுறை தலைமுறையாக வழிகாட்டிகள் இருந்தார்கள். வெளிநாட்டு நிதியும் அறக்கட்டளையும் தாங்கிய அந்த அமைப்பை எல்லா இடத்திலும் அப்படியே நட முடியாது என்பதும் உண்மை.

ஆக, கட்டாயப் படிப்பு தேவை; அது முதல் படி மட்டுமே. அடுத்த படிக்குப் பெரிய கட்டடம் வேண்டாம். மேற்படிப்பு மாணவர்கள் மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் பணியாற்ற வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அந்த மூன்று மாதத்தைத் தொடர் ஆய்வாக்கலாம்: ஒருவர் தொடங்கிய நோயாளிப் பதிவேட்டை அடுத்து வருபவர் தொடரட்டும். வாரத்தில் ஒரு நாள் ஆய்வுக்கென்று ஒதுக்கப்படட்டும். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆய்வுமுறை கற்பிக்கும் அயப்பாக்கமும், கேள்விகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியும் அதே மாவட்டத்தில் இருக்கின்றன. இந்த மூன்றையும் இணைக்கும் பொறுப்பைச் சுகாதாரத் துறை ஏற்க வேண்டும்.