படகிலிருந்து இறக்கப்பட்டவள்

ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் வெளியிட்ட 'த்ரீ மென் இன் எ போட்' நாவலின் தலைப்பில் மூன்று ஆண்கள் இருக்கிறார்கள். அடைப்புக்குறிக்குள் வரும் துணைத்தலைப்பில் ஒரு நாய் இருக்கிறது. பெண் இல்லை. மூன்று நண்பர்கள் விடுமுறைக்கு ஒரு சிறு படகை வாடகைக்கு எடுத்து, தாங்களே துடுப்புப் போட்டுக்கொண்டு, கிங்ஸ்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்ட் வரை தேம்ஸ் நதியில் போகிற கதையில் பெண் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் படகில் ஒரு பெண் இருந்தாள்.

ஜெரோம் 1888 ஜூன் மாதம் ஜார்ஜினா என்பவரை மணந்தார். இருவரும் தேனிலவுக்குப் போனது தேம்ஸ் நதியில், ஒரு சிறு படகில். திரும்பி வந்ததும் அவர் எழுத உட்கார்ந்த புத்தகம் இது. நண்பர்களோடும் பலமுறை படகில் போனவர் அவர். அந்த நினைவுகளும் நாவலில் கலந்திருக்கின்றன. என்றாலும் எழுத்தில் மனைவியின் இடத்தில் நண்பர்கள் இருவர் ஏறிக்கொண்டார்கள். ஜார்ஜ் விங்க்ரேவ் நாவலில் ஜார்ஜ் ஆனார். கார்ல் ஹென்ஷெல் ஹாரிஸ் ஆனார். மாண்ட்மொரன்சி என்ற நாய் முழுக்கக் கற்பனை. உண்மையில் இல்லாத நாய்க்கு இடம் கிடைத்த படகில், உண்மையில் இருந்த மனைவிக்கு இடமில்லாமல் போயிற்று.

இந்த நீக்கம் ஏன் தேவைப்பட்டது? நாவலின் நகைச்சுவை ஆண்களின் கையாலாகாத்தனத்தின் மேல் கட்டப்பட்டிருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்களுக்குப் பெட்டி கட்டத் தெரியாது. படகின் மேல் கித்தான் துணியை இழுத்துக் கட்டத் தெரியாது. அன்னாசிப்பழ டின்னைத் திறக்கும் கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, பேனாக்கத்தி, கத்தரிக்கோல், கல், பாய்மரக் கம்பம் என்று ஒவ்வொன்றாக எடுத்து டின்னைத் தாக்கி, கடைசியில் அதை ஆற்றில் வீசுகிறார்கள். படகில் ஒரு மனைவி இருந்திருந்தால் அந்தக் காலத்து வழக்கப்படி டின்னைத் திறக்கும் கருவியை மறக்காமல் எடுத்து வைப்பது அவள் வேலையாகியிருக்கும். மறந்திருந்தால் அது அவள் குற்றமாகியிருக்கும். இரண்டு வகையிலும் ஜெரோமுக்கு அந்த அத்தியாயம் கிடைத்திருக்காது.

இந்த நாவலின் ஒரு பகுதி 'பேக்கிங்' என்ற தலைப்பில் என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலான 'பீஹைவ்'வில் பல ஆண்டுகள் இருந்தது. நம் பிள்ளைகள் பலருக்கு ஜெரோம் அறிமுகமானது அதன் வழியாகத்தான். பயணத்துக்கு முந்தைய இரவு பெட்டி கட்டும் காட்சி அது. கோப்பை உடைகிறது, தக்காளி நசுங்குகிறது, ஜார்ஜ் வெண்ணெயை மிதிக்கிறான். நான் அதை வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து, "மிஸ், இவங்க வீட்ல பொம்பளைங்களே இல்லையா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் வீட்டில் ஊருக்குக் கிளம்புவது என்றால் யார் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். முழு நாவலையும் அந்தக் கேள்வியோடு திரும்பப் படித்தேன்.

பெண்கள் இருக்கிறார்கள். அந்த ஆண்கள் தூங்கிப்போன காலையில் அவர்களை எழுப்பிவிடும் வீட்டுக்காரம்மா மிஸஸ் பாப்பெட்ஸ் இருக்கிறார். போட்ஜர் மாமா சுவரில் ஒரு படம் மாட்டுவதற்குள் வீட்டையே இரண்டாக்கும் புகழ்பெற்ற பகுதியில், அடுத்தமுறை ஆணி அடிப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று சொல்லும் மனைவி இருக்கிறார். ஸ்ட்ரீட்லி ஊரில் ஒரு சலவைக்காரி இருக்கிறார். ஆற்றிலேயே துணி துவைத்துக்கொள்ளலாம் என்று ஜார்ஜ் சொன்னதை நம்பி மூவரும் துவைத்ததில், ஆற்று அழுக்கெல்லாம் துணிக்கு வந்துவிடுகிறது. அதை வெளுக்க அந்த அம்மாள் மும்மடங்கு கூலி கேட்டு வாங்குகிறார். நாவலில் உழைப்புக்கு உரிய விலையைக் கேட்டு வாங்கும் பெண் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இவர்கள் எல்லோரும் கரையில் இருப்பவர்கள். படகில் ஏறும் பெண்கள் வேறு விதமாக வருகிறார்கள். பளபளக்கும் உடையில் வந்து, ஒரு துளி தண்ணீர் தெறித்தாலும் நடுங்கும் இரு பெண்களைப் பற்றி ஒரு பகுதி. கரையில் நடந்தபடி கயிறு கட்டிப் படகை இழுக்கும் பெண்களைப் பற்றி இன்னொரு பகுதி. இழுப்பதற்கு எப்போதும் மூன்று பெண்கள் வேண்டும், இருவர் கயிற்றைப் பிடிக்க, மூன்றாமவள் சுற்றிச் சுற்றி ஓடிச் சிரிக்க என்பது அங்கே நகைச்சுவை. ஆண்களும் அதே கயிற்றோடு அதே அளவு மல்லாடுகிறார்கள் என்பதையும் ஜெரோம் எழுதத் தவறவில்லை. வேறுபாடு எங்கே என்றால், ஹாரிஸ் சொதப்பினால் அது ஹாரிஸின் குணம். அந்தப் பெண்கள் சொதப்பினால் அது பெண்களின் குணம். ஹாரிஸுக்குப் பெயர் உண்டு, பசி உண்டு, பொய்யும் வீம்பும் உண்டு. அந்தப் பெண்களுக்கு உடை மட்டும் இருக்கிறது.

பதினாறாம் அத்தியாயத்துக்கு வருவோம். கோரிங் அருகே தண்ணீரில் ஏதோ கறுப்பாக மிதந்து வருகிறது. ஜார்ஜ் குனிந்து பிடிக்கிறான். பிடித்ததும் முகம் வெளிறிப் பின்வாங்குகிறான். அது ஒரு பெண்ணின் பிணம். நல்லவேளையாகக் கரையில் இருந்த சிலரும் அதைப் பார்த்துவிட்டதால், கரோனர் விசாரணைக்கு அலையாமல் பிணத்தை அவர்களிடம் விட்டுவிட்டு நண்பர்கள் நகர்கிறார்கள். அவள் கதையைப் பின்னால் கேட்டறிகிறார்கள். காதலித்து ஏமாந்தவள். குடும்பமும் நட்பும் கதவைச் சாத்திவிட்டன. கையில் குழந்தை. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் வாரத்துக்குப் பன்னிரண்டு ஷில்லிங் கூலி. அதில் ஆறு ஷில்லிங் குழந்தையை வளர்ப்பவர்களுக்கு, மீதி ஆறில் அவள் உயிர். ஒருநாள் குழந்தையைப் பார்த்து முத்தமிட்டு, ஒரு பென்னி சாக்லேட் பெட்டியை அதன் கையில் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த காசில் ரயில் சீட்டு எடுத்து இந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தாள்.

இந்தக் கணக்கை எழுதியதற்காக ஜெரோமுக்கு நன்றி சொல்ல வேண்டும். இளவயதில் பெற்றோரை இழந்து, ரயில் பாதையோரம் சிதறிய நிலக்கரியைப் பொறுக்கும் வேலை பார்த்தவர் அவர். ஷில்லிங்கின் எடை அவருக்குத் தெரியும். ஒழுக்கம் போதிக்கும் எழுத்தாளர் ஒருவர் அவள் பாவத்தோடு நிறுத்தியிருப்பார். ஜெரோம் அவள் சம்பளத்தையும் சொல்கிறார். நாவலில் கடந்தகாலமும் வருமானமும் செலவும் தனி நினைவுகளும் கொண்ட ஒரே பெண் இவள்தான். அவளுக்கும் பெயர் கிடையாது. அவள் உள்ளே வருவதற்கு இறந்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த பத்தியைப் படியுங்கள். கோரிங்கும் ஸ்ட்ரீட்லியும் சில நாள் தங்குவதற்கு இனிமையான ஊர்கள் என்று பயணக் கையேட்டின் குரலில் கதை தொடர்கிறது. ஆற்றின் அழகு அவர்களை அங்கேயே இருத்திவிடுகிறது. மதிய உணவுக்கு விடுதிக்குப் போகிறார்கள். நாய்க்கு மிகுந்த திருப்தி. அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயம் அந்தச் சலவைக் கணக்கோடு தொடங்குகிறது. இந்த வேகத்தைச் சிலர் நாவலின் குறை என்பார்கள், குரல் மாறுவதில் தடுமாற்றம் என்பார்கள். எனக்கு இது நாவலின் மிக உண்மையான இடமாகப் படுகிறது. வாடகைப் படகு தரும் சுதந்திரம் இதுதான்: எதையும் பார்க்கலாம், எதையும் கடந்து போகலாம்.

ஜார்ஜினாவை மறுபடி நினைத்துக்கொள்கிறேன். ஜெரோமை மணந்தபோது அவர் முதல் கணவரிடமிருந்து விவாகரத்துப் பெற்றுச் சில நாள்களே ஆகியிருந்தன. அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி மனைவி நெறி தவறினாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்துக் கிடைத்துவிடும். மனைவி கேட்டால் கணவன் நெறி தவறியதோடு அவன் கொடுமைப்படுத்தினான், கைவிட்டான் என்பது போன்ற இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டும். 1923 வரை இந்தச் சட்டம் மாறவில்லை. அப்படிப்பட்ட காலத்தில், கையில் குழந்தையோடு ஒரு வாழ்க்கையை முடித்துக்கொண்டு வந்த பெண் அந்தத் தேனிலவுப் படகில் இருந்தார். அவர் நாவலில் இல்லை. கையில் குழந்தையோடு எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்ட இன்னொரு பெண் தண்ணீரில் மிதந்து வருகிறாள். ஜெரோம் இருவரையும் மனதில் இணைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் உரிமை வாசகிக்கு உண்டு என்கிறேன். அப்படிப் படித்தால், அந்த நதியில் உல்லாசமாகப் போவதற்கும் அதில் மூழ்குவதற்கும் இடையே ஒரு பெண்ணுக்கு இருந்த தூரம் எவ்வளவு குறைவு என்பது தெரிகிறது.

பெண்களுக்குப் படகு செலுத்தத் தெரியாது என்பதல்ல காரணம். ஜெரோம் தேம்ஸில் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கிலாந்தின் கால்வாய்களில் சரக்குப் படகுகளின் சுக்கானைப் பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரயிலோடு போட்டியிட முடியாமல் கூலி குறைந்தபோது, கரையில் வீடு வைத்திருக்க வழியில்லாத படகோட்டிகள் குடும்பத்தையே படகில் ஏற்றினார்கள். பின்பக்கம் ஏறக்குறைய பத்தடி நீளமுள்ள அறையில் சமையல், தூக்கம், பிரசவம் எல்லாம். அந்த நெரிசலைக் கட்டுப்படுத்த 1877இல் தனிச் சட்டமே வந்தது. படகுக் கூலி கேப்டனான கணவன் பெயரில் வரும். சுக்கான் பிடித்து, குழந்தையைத் தவறி விழாமல் கட்டிப்போட்டு, சமைத்துக்கொண்டே வரும் மனைவிக்குத் தனியாகக் கூலி இல்லை. படகு அந்தப் பெண்களுக்கு எப்போதும் கிடைத்தது, வேலையாக. ஜெரோமின் நண்பர்களுக்குக் கிடைத்தது விடுமுறையாக. கடைசியில் மழை தாங்காமல் அந்த மூவரும் பேங்போர்னில் படகை விட்டுவிட்டு நைசாக ரயிலேறி லண்டனுக்குப் போய் நல்ல சாப்பாடு சாப்பிடுகிறார்கள். கால்வாய்ப் பெண்ணுக்கு மழை வந்தால் இறங்கிப் போக இடம் கிடையாது. அவள் வீடே அதுதான்.

இந்த நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க நான் மாணவிகளுக்குச் சொல்லும் புத்தகம் எம்மா ஸ்மித்தின் 'மெய்டன்ஸ் ட்ரிப்' (1948). இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் போனதால், கால்வாய்ச் சரக்குப் படகுகளை ஓட்ட இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் ஒருவராக இருந்த எம்மா ஸ்மித், மூன்று பெண்களின் ஒரு பயணமாக அந்த அனுபவத்தை எழுதினார். லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு எஃகு, திரும்பும்போது கவன்ட்ரிப் பக்கத்து நிலக்கரி. இயந்திரப் படகு ஒன்று, அது கயிறு கட்டி இழுக்கும் 'பட்டி' என்ற இயந்திரமில்லாப் படகு ஒன்று. ஒருத்தி முன்படகில், ஒருத்தி பின்படகில், மூன்றாமவள் சைக்கிளில் முன்னே போய் லாக்கைத் தயார் செய்ய வேண்டும். உயரமும் தாழ்வுமான இரு நீர்மட்டங்களுக்கு நடுவே படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிதான் லாக். ஜெரோமின் கயிற்றுக் காட்சியிலும் மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள். இங்கேயும் மூன்று பெண்கள்தான். மூன்றாமவளுக்குச் சிரிக்க நேரமில்லை.

ஆனால் இது வீராங்கனைகளின் கதை அல்ல, அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தப் பெண்கள் மோதுகிறார்கள், சேற்றில் சிக்குகிறார்கள், பசியில் சண்டை போடுகிறார்கள், கரி படிந்த முகத்தோடு அசந்து தூங்குகிறார்கள். சொதப்பலும் எரிச்சலும் அவரவர் குணமாகவே வருகின்றன. பெண்மையின் இலக்கணமாக வருவதில்லை. பிறந்ததிலிருந்து படகில் வாழும் பெண்களோடு ஒப்பிட்டால் தாங்கள் வந்துபோகிறவர்கள் என்ற உணர்வும் புத்தகத்தில் இருக்கிறது. போர் முடிந்தால் இவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

இன்று அதே கால்வாய்களில் சரக்குப் போக்குவரத்து ஏறக்குறைய இல்லை. விடுமுறைப் படகுகள் போகின்றன. உரிமம் எதுவும் தேவையில்லை. படகுத்துறையில் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்துச் சாவியைத் தந்துவிடுவார்கள். மணிக்கு நான்கு மைல்தான் வேக வரம்பு, நடக்கிற வேகம். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனாலும் அங்கே அடிக்கடி காணக்கூடிய, படகோட்டிகளே கேலியாகப் பேசிக்கொள்ளும் ஒரு காட்சி உண்டு: கணவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நிற்கிறார், மனைவி கரையில் குதித்து, இரும்புக் கைப்பிடியால் மதகைத் திருகி, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள லாக் கதவை முதுகால் தள்ளுகிறார். பலம் தேவைப்படும் வேலை பெண்ணுக்கு வந்திருக்கிறது. 'ஓட்டுவது' என்று பெயர் பெற்ற வேலை ஆணிடமே இருக்கிறது. நம் ஊரில் கார் முன்சீட்டில் நடப்பது இதற்கு ரொம்பத் தூரமில்லை. வழி கேட்பதும் குழந்தையைச் சமாதானப்படுத்துவதும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுவதும் ஒருவர் வேலை. பயணம் முடிந்ததும் இவ்வளவு தூரம் ஓட்டிய களைப்பு இன்னொருவருக்கு.

ஜெரோமைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அன்னாசிப்பழ டின் எனக்கு இன்றும் சிரிப்பு வரவழைக்கிறது. பாடநூல் எடுத்துக்கொண்ட பெட்டி கட்டும் காட்சியோடு, அது விட்டுவிட்ட பதினாறாம் அத்தியாயத்தையும் சேர்த்துப் படியுங்கள் என்று மட்டும் சொல்வேன். பெண்களுக்கு உழைக்கத் தெரியும் என்பதை நாம் நிரூபித்து முடித்தாயிற்று. கால்வாய்ப் பெண்கள் நூறு வருடங்களுக்கு முன்பே நிரூபித்துவிட்டார்கள். இனிக் கேட்க வேண்டியது வேறு. சுக்கானைத் தப்பாகத் திருப்பிக் கரையில் மோதுவதற்கும், அதற்காக மொத்தப் பெண்ணினத்தின் சார்பில் பதில் சொல்லாமல் இருப்பதற்கும், மழை பெய்தால் படகை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பிச் சாப்பிடப் போவதற்கும் உரிய அந்த ஒரு வாரம் எத்தனை பெண்களுக்குக் கிடைத்திருக்கிறது?