தாயின் ஆண்டவரும் மகனின் சமதர்மமும்

சமதர்மம் பேசும் பிள்ளைக்கும் தெய்வபக்தியுள்ள பெற்றோருக்கும் வீட்டில் நிகழும் வாதத்தைப் பற்றி நம் இயக்கத்தாரிடையே நெடுங்காலமாக ஓர் எண்ணம் நிலைபெற்றிருக்கிறது. அஃதாவது, கடவுளை வீட்டினின்றும் வெளியேற்றிய பின்னரே கூலியைப் பற்றியும் உடைமையைப் பற்றியும் பேசுதல் கூடும் என்பதாம். பெரியார் 1932-ல் ருஷ்யா சென்று திரும்பிச் சமதர்மப் பிரசாரம் தொடங்கிய நாள்முதல் இவ்விரண்டும் ஒரே மூச்சில் பேசப்பட்டு வந்தமையால், எது முந்தியது எது பிந்தியது என்று எவரும் ஆராய்ந்து பார்க்கவில்லை. ஆனால் ருஷ்யத் தொழிலாளரைப் பற்றி எழுந்த நாவல்களில் பெரும் புகழ் பெற்ற ஒன்று இந்த வரிசையையே தலைகீழாக்குகிறது. மாக்ஸிம் கார்க்கி இயற்றிய ‘தாய்’ என்னும் நூலையே குறிப்பிடுகிறேன்.

இந்நூலைக் கொடியும் ஊர்வலமும் வீரப் பேச்சுமாகவே பலர் நினைவில் வைத்திருக்கின்றனர். நமது மேடைகளில் இதன் பெயர் சொல்லப்படுவதும் அதற்காகவே. எனக்கோ இதன் முதற்பாகம் ஒரு வீட்டின் அடுக்களைக்கும் முன்னறைக்கும் இடையில் நடக்கும் சமய வாதமாகவே தோன்றுகிறது.

நூல் பிறந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். நீஷ்னி நோவ்கொரோத் நகரையடுத்த சோர்மவோ என்னும் ஆலை ஊரில் 1902-ஆம் ஆண்டு மே தின ஊர்வலம் நடந்தது. அதில் கொடி ஏந்திய பியோத்தர் ஸலோமவ் என்ற தொழிலாளியும், அவருடைய தாயார் அன்னா ஸலோமவாவுமே கதைமாந்தருக்கு மூலமாவர். கார்க்கி 1906-ல் அமெரிக்கா சென்றிருந்தபோது, அடிராண்டாக் மலைப்பகுதியில் தங்கி நூலின் பெரும்பகுதியை எழுதினார். (சட்டப்படி மணம் புரியாத துணைவியோடு வந்தார் என்று பத்திரிகைகள் கூச்சலிட, நியூயார்க் நகரத்து ஹோட்டல்கள் அவரை வெளியேற்றியிருந்தன. கிறிஸ்தவ ஒழுக்கம் பேசிய ஒரு நகரத்தாரின் விருந்தோம்பல் இவ்வாறிருந்தது!) நூல் முதலில் வெளிவந்ததும் ஆங்கிலத்திலேதான். ‘ஆப்பிள்டன்ஸ்’ என்ற அமெரிக்கச் சஞ்சிகையில் 1906-ன் இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டிலும் வந்தது.

நிற்க. பெலகேயா நீலவ்னா நாற்பது வயதினள். ஆயினும் தன்னைக் கிழவி என்றே சொல்லிக்கொள்கிறாள். குடிகாரக் கணவனிடம் அடிபட்டே காலங் கழித்தவள். எழுத்துச் சரியாய் அறியாள். அவளுக்கென்று இருப்பவை இரண்டு: ஒன்று, மகன் பாவெல், மற்றொன்று, மூலையிலுள்ள தெய்வப் படத்தின்முன் முழங்காலிட்டுச் செய்யும் பிரார்த்தனை. தந்தை இறந்தபின் மகனும் சிறிது காலம் குடியில் இறங்குகிறான். பிறகு திடீரென்று மாறுகிறான். குடி நிற்கிறது, புத்தகங்கள் வருகின்றன, அவன் பேச்சும் மரியாதை பெறுகிறது. தாய்க்கு மகிழ்ச்சியினும் அச்சமே மிகுதி.

இந்நிலையில் பாவெல் ஒரு படத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டுகிறான். மார்க்ஸின் படம் அன்று. உயிர்த்தெழுந்த கிறிஸ்து இருவரோடு எம்மாவு என்னும் ஊருக்கு நடந்து செல்லும் படம். தாய்க்கு உள்ளங் குளிர்கிறது. கிறிஸ்துவை மதிக்கின்ற இவன் ஏன் கோயிலுக்குப் போவதில்லை என்ற ஐயமும் எழுகிறது. கார்க்கி இந்தப் படத்தைப் பற்றி விளக்கமொன்றும் எழுதாது கடந்து போகிறார். கதைப் போக்கிலேயே கண்வைத்து வாசிப்போரும் கடந்து போய்விடுவர்.

ஆனால் லூக்கா சுவிசேஷத்தின் 24-ஆம் அதிகாரத்தை அறிந்தவர்கள் அங்கே நின்றுவிடுவார்கள். எம்மாவுக்குச் சென்ற அச்சீடர்கள் தம்மோடு நடந்து வருபவர் இன்னார் என்று அறியாமலே வழி முழுதும் அவரோடு பேசிக்கொண்டு சென்றனர் என்பதல்லவா அக்கதை? அப்பம் பிட்கப்பட்டபோதுதான் அவர்களுக்குக் கண் திறந்தது. இதை மனத்திற் கொண்டு நாவலின் இரண்டாம் பாகத்துக்கு வருவோம். மகன் சிறையிலிருக்கிறான். தாயோ கன்னிகாஸ்திரியாகவும், சரிகைப் பின்னல் விற்பவளாகவும், புண்ணிய யாத்திரை போகிறவளாகவும் வேடம் பூண்டு, தடுக்கப்பட்ட பிரசுரங்களை ஊரூராய்க் கொண்டு செல்கிறாள். கோயில்களில் பொன்னும் பட்டும் குவிந்திருக்க, வாயிலில் பிச்சைக்காரர் குளிரில் நடுங்கி நிற்பதைக் காண்கிறாள். அங்கே ஆசிரியர் ஒன்று சொல்கிறார்: அவள் தன்னையறியாமலே பிரார்த்தனையைக் குறைத்துக்கொண்டாள், ஆனால் கிறிஸ்துவைப் பற்றி முன்னினும் மிகுதியாக நினைத்தாள், அவர் பெயரைச் சொல்லாமலும் அவரை அறியாதவர் போலவும், அவர் கட்டளைப்படியே வாழ்கின்ற மனிதர்களைப் பற்றியும் நினைத்தாள் என்கிறார். சுவரில் தொங்கிய படத்தின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. உடன் நடப்பவரை அறியாத எம்மாவு வழிப்போக்கர்கள் பாவெலும் அவன் தோழர்களுமே. பல குறைகளுள்ள இந்நூலில், ஆசிரியர் மேடைப் பேச்சை மறந்து கலைஞராய் நின்ற இடம் இது என்பது என் அபிப்பிராயம்.

இனி அந்த இரவு வாதத்துக்கு வருவோம். ரீபின் என்னும் மூத்த தொழிலாளி பாவெலின் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருக்கிறான். பேச்சு கடவுளைப் பற்றியதாகிறது. கேட்டுக்கொண்டிருந்த தாய்க்குப் பொறுக்கவில்லை. ஆண்டவரைப் பற்றிச் சற்று எச்சரிக்கையாய்ப் பேசுங்கள் என்கிறாள். நீங்கள் அவரை என்னிடமிருந்து பறித்துவிட்டால், துக்கம் வரும் வேளையில் இந்தக் கிழவி சாய்ந்துகொள்ள வேறு யாதொன்றும் இல்லையே என்கிறாள். இதற்குத் தர்க்க சாஸ்திரத்தில் விடை கிடையாது. பாவெலும் தர்க்கம் செய்யவில்லை. நீ நம்புகிற இரக்கமுள்ள ஆண்டவரைப் பற்றி நாங்கள் பேசவில்லை, குருமார் தடியைப்போல ஓங்கி எங்களை மிரட்டுகிறார்களே, அந்தக் கடவுளைப் பற்றியே பேசுகிறோம் என்று தாழ்ந்த குரலில் சொல்கிறான். அவள் கேட்கச் சக்தியின்றி அடுக்களைக்குள் போய்விடுகிறாள். கடவுள் குடியிருப்பது நெஞ்சின் நோவுள்ள இடம், அங்கிருந்து அவரைப் பெயர்த்தெடுத்தால் புண் உண்டாகும் என்னும் கருத்தை ரீபினே வெளியிடுகிறான். நாத்திகப் பிரசாரகர் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கருத்து இது.

பாவெலின் விடை சமாளிப்பு அன்று. கார்க்கி தம் சொந்த வாழ்விற் கண்டதே. பிற்காலத்தில் எழுதிய ‘என் குழந்தைப் பருவம்’ என்ற நூலில், தாத்தாவின் கடவுள் வேறு, பாட்டியின் கடவுள் வேறு என்று சிறு வயதிலேயே தமக்குத் தெரிந்துவிட்டதாக அவர் கூறுகிறார். தாத்தாவின் கடவுள் குற்றம் தேடித் தண்டிப்பவர். பாட்டியின் கடவுள் உயிர்களனைத்துக்கும் உறவானவர். ஒரே கூரையின் கீழ் இரண்டு கடவுள்கள்! நீலவ்னாவின் ஆண்டவர் அந்தப் பாட்டியின் ஆண்டவரே.

இவ்வளவு சொன்னபின் குறையையும் சொல்ல வேண்டும். குறையைக் கண்டவர் நானல்லேன், என் தாயார். அவர் கிறிஸ்தவர், தமிழ் வேதாகமத்தை நாள் தவறாது வாசிப்பவர். அவருக்கும் எனக்கும் சங்கத்தைப் பற்றியும் சமதர்மத்தைப் பற்றியும் வாதம் ஓய்ந்ததில்லை. மேற்சொன்ன பகுதியை ஒருநாள் இரவு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அந்த அம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் மகன் பேசினதற்கெல்லாம் அழுதாள், பிறகு அவன் வழியில் போனாள். எனக்கு எழுத்துத் தெரியுமப்பா. யாக்கோபு நிருபத்தில் ஐந்தாம் அதிகாரத்தை எடு.”

எடுத்தேன். வயலறுத்தவர்களுக்குக் கொடாமல் ஐசுவரியவான்கள் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்றும், அக்குரல் கர்த்தருடைய செவிக்கு எட்டியது என்றும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. நாவலில் ஒரு நிகழ்ச்சி உண்டு: ஆலைக்குப் பின்னாலுள்ள சதுப்பு நிலத்தை வற்றச் செய்யவென்று, தொழிலாளரின் கூலியில் ரூபிளுக்கு ஒரு கொபெக், அதாவது நூற்றுக்கு ஒன்று, பிடிக்க நிர்வாகி முற்படுகிறான். பாவெல் எதிர்த்துப் பேசியும் பலிக்கவில்லை. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதும் கிராணிகளுக்குப் ‘பிடித்தம்’ என்ற சொல்லின் கனம் தெரியும். ஆயினும் யாக்கோபின் அந்த வசனம் பாவெலின் பேச்சைக் காட்டிலும் கடுமையாய் என்னைத் தாக்கிற்று. “இதை உன் ருஷ்யர் சொல்லித்தானா நான் தெரிந்துகொள்ள வேண்டும்?” என்றார் தாயார்.

அதோடு விட்டாரா? ரோமருக்கு எழுதின நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தையும் தாமே புரட்டினார். அதிகாரங்கள் தேவனால் நியமிக்கப்பட்டவை, அவற்றுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது அங்குள்ள போதனை. “ஆகையால் கூலியைக் கேள், கொடியைத் தூக்காதே” என்று முடித்தார். மனுஷருக்குக் கீழ்ப்படிவதினும் தேவனுக்குக் கீழ்ப்படிவதே தகுதி என்று பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் ஆலோசனைச் சங்கத்தின் முன்னே சொன்னதை நான் எடுத்துக் காட்டினேன். “அது கர்த்தருடைய நாமத்துக்காகச் சொன்னது, உன் சங்கத்துக்காக அன்று” என்றார். வாதம் அன்று முடியவில்லை, இன்றும் முடிந்தபாடில்லை.

இந்த வாதம் கார்க்கியின் நூலில் இல்லை! இதுவே பெருங்குறை. நீலவ்னாவின் பக்தியில் கண்ணீர் உண்டு, வேதம் இல்லை. அந்திரேய் என்ற தோழன் அவளுக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்குகிறான். ஆயினும் அவள் சுவிசேஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகனை மடக்கும் காட்சியொன்றும் வரவில்லை. எதிர்க்கட்சிக்கு நாவைக் கொடாமல் வழக்கை வெல்வது எளிது. என் தாயார் சொன்ன மற்றொரு ஆட்சேபமும் குறிக்கத்தக்கது. மகன் சிறையிலிருக்கத் தாய் ஜெபத்தைக் குறைத்தாள் என்று எழுதியவர் தாயின் மனத்தை அறியார், அவள் கூட்டியிருப்பாள் என்றார். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

நூலில் அவசரம் உண்டு என்பது ஆசிரியரும் அறிந்ததே. 1907-ல் லண்டனில் லெனின் குறைகளை எடுத்துக் காட்டியபோது, விரைந்து எழுதிவிட்டதாகக் கார்க்கி ஒப்புக்கொண்டார். விரைந்தது நன்றே, காலத்துக்கு வேண்டிய நூல் என்று லெனின் தேற்றினார். அந்த லெனின் 1905-ஆம் ஆண்டின் இறுதியில் எழுதிய ‘சோஷலிசமும் மதமும்’ என்ற கட்டுரையில், தம் கட்சி நாத்திகத்தைத் திட்டத்தில் எழுதி வைக்காததற்கும் கிறிஸ்தவரைச் சேர விடுவதற்கும் காரணங் கூறினார். மண்ணுலகில் சுவர்க்கம் படைக்கும் போரில் ஒடுக்கப்பட்டோர் ஒன்றுபடுவதே, விண்ணுலகச் சுவர்க்கத்தைப் பற்றிக் கருத்தொன்றுபடுவதினும் முக்கியம் என்பது அவர் கருத்து. ஆக, பாவெல் தாய்க்குக் கொடுத்த வாக்கும் கட்சி அன்று கொடுத்த வாக்கும் ஒன்றே.

அவ்வாக்கு காப்பாற்றப்பட்டதா? இல்லை. 1918-ல் ருஷ்யக் குடியரசு இயற்றிய அரசியல் சட்டம், உழையாதவனுக்கு உணவில்லை என்ற விதியைத் தன் 18-ஆம் பிரிவில் எழுதிக்கொண்டது. அது தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய விதியேயாம்! வேதத்தின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டவர்கள் வேதம் வாசித்தவர்களை விட்டுவைக்கவில்லை. குருமார் பலர் கொல்லப்பட்டனர், கோயில்கள் மூடப்பட்டன. மாஸ்கோவின் மாபெரும் இரட்சகர் கிறிஸ்து ஆலயம் 1931-ஆம் ஆண்டு டிசம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1929-ல், கடவுள் மறுப்பாளர் சங்கத்தின் இரண்டாம் மாநாட்டு மேடையில் ஏறிப் பேசியவருள் கார்க்கியும் ஒருவர். ஆண்டவரைப் பறித்துவிட்டால் எதன்மேல் சாய்வேன் என்று நீலவ்னாவைக் கேட்க வைத்த அதே கார்க்கி! சோவியத் ஆட்சி 1991-ல் மறைந்தது. மீண்டும் எழுப்பப்பட்ட அந்த ஆலயம் 2000-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. குருமார் கையில் தடியாயிருந்த கடவுளை எதிர்த்தது நியாயம். அடுக்களைக்குள் போய் அழுத அந்த அம்மாளின் ஆண்டவரையும் சேர்த்து அடித்தது எந்தச் சமதர்மம் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

இக்கதையைப் பிறரும் எடுத்தாண்டனர். புதோவ்கின் 1926-ல் எடுத்த மௌனப் படத்தில் சமய வாதத்துக்கு இடமில்லை. ஜெர்மானியர் பிரெக்டின் 1932-ஆம் ஆண்டு நாடகத்தில், பெண்கள் இருவர் இழுபறி செய்ய வேதாகமம் கிழிந்து போகிறது. அவையோர் சிரிப்பார்கள், ஆயினும் கார்க்கியின் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்துக்கு அது ஈடாகாது.

தமிழில் இந்நாவலைத் தொ. மு. சி. ரகுநாதன் மொழிபெயர்த்திருக்கிறார். வீட்டில் பக்தியுள்ள தாய் தந்தையருக்கு வாசித்துக் காட்ட விரும்பும் அன்பர்கள் நீதிமன்றப் பேச்சை விட்டுவிடலாம். அது நீளம், வயதானவர்கள் உறங்கிவிடுவார்கள். முதற்பாகத்தில் படம் மாட்டும் இடத்தையும் ரீபின் வரும் இரவையும், இரண்டாம் பாகத்தில் தாய் யாத்திரிகை வேடத்தில் செல்லும் பக்கங்களையும் எடுத்துக்கொள்க. இறுதியில் ரயில் நிலையத்தில் பிடிபட்ட தாய், உயிர்த்தெழுந்த ஆன்மாவைக் கொல்ல இயலாது என்று பொருள்படக் கூவும் இடத்தையும் விடாமல் வாசிக்கலாம். வாசிக்கும்போது பக்கத்தில் வேதாகமம் ஒன்று இருப்பது நலம். எப்படியும் அதை எடுத்துவரச் சொல்வார்கள்.