டிரோலப்பின் பார்செட்ஷயர் நாவல்களில் குருமாரும் பங்கு மக்களும்

பார்செட்ஷயர் நாவல்கள் ஆங்கில எழுத்தாளர் ஆந்தனி டிரோலப் (1815–1882) எழுதிய ஆறு நாவல்களின் வரிசை. விக்டோரியா காலத்து ஆங்கிலிக்கன் குருமாரின் அன்றாட வாழ்வை விரிவாகச் சொன்ன படைப்புகளில் இவை முதன்மையானவை. 'தி வார்டன்' (1855), 'பார்செஸ்டர் டவர்ஸ்' (1857), 'டாக்டர் தோர்ன்' (1858), 'ஃபிராம்லி பார்சனேஜ்' (1861), 'தி ஸ்மால் ஹவுஸ் அட் ஆலிங்டன்' (1864), 'தி லாஸ்ட் கிரானிக்கிள் ஆஃப் பார்செட்' (1867) ஆகியவை இவ்வரிசையில் அடங்கும். பார்செட்ஷயர் ஒரு கற்பனை மாவட்டம். பார்செஸ்டர் அதன் கதீட்ரல் நகரம். குருமாரை மையமாகக் கொண்ட இந்நாவல்களில் பங்கு மக்களுக்குக் கிடைத்த இடம் எத்தகையது என்ற கேள்விக்கு வரிசையின் முதல் நாவலும் கடைசி நாவலும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

வரலாற்றுப் பின்னணி

கால்டுவெல், ஜி.யு. போப் போன்ற மிஷனரிகளின் வழியாகவே தமிழ் வாசகர்கள் ஆங்கிலிக்கன் குருமாரை அறிவார்கள். இங்கிலாந்தில் அவர்களின் நிலை வேறு. அங்கே அது அரசின் அங்கீகாரம் பெற்ற திருச்சபை. ஒவ்வொரு ஊரும் ஏதேனும் ஒரு பங்கின் எல்லைக்குள் இருந்தது. குருவின் வருமானம் தசமபாகத்திலிருந்தும் கோயில் மானிய நிலத்திலிருந்தும் வந்தது. பல பங்குகளில் குருவை நியமிக்கும் உரிமை அவ்வூர் நிலக்கிழாரின் கையில் இருந்தது. சில இடங்களில் பிஷப்போ ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளோ நியமித்தன. தங்கள் குரு யார் என்று முடிவு செய்வதில் பங்கு மக்களுக்குப் பொதுவாகக் குரல் இல்லை.

வருமானத்தில் ஏற்றத்தாழ்வும் மிகுதி. பல பங்குகளின் வருமானத்தை ஒருவரே பெற்றுக்கொண்டு வேறெங்கோ வாழ்வதும், அவருக்குப் பதிலாக ஓர் உதவி குரு சொற்ப ஊதியத்தில் வேலை செய்வதும் வழக்கமாக இருந்தன. 1836இல் திருச்சபை ஆணையம் அமைக்கப்பட்டது. 1838ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவர் பல பங்குகளை வைத்துக்கொள்வதைக் கட்டுப்படுத்தியது. 1851 மார்ச் 30 அன்று எடுக்கப்பட்ட வழிபாட்டுக் கணக்கெடுப்பு, அன்று வழிபாட்டுக்குச் சென்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆங்கிலிக்கன் அல்லாத இடங்களுக்குச் சென்றதைக் காட்டியது. மக்கள் விலகிச் செல்கிறார்கள் என்ற கவலை திருச்சபையில் பரவியிருந்த காலத்தில்தான் டிரோலப் எழுதத் தொடங்கினார்.

டிரோலப் தபால் துறை அதிகாரி. பணி நிமித்தம் ஊர் ஊராகப் பயணம் செய்தவர். சால்ஸ்பரி கதீட்ரலின் சுற்றுப்புறத்தில் உலவியபோது 'தி வார்டன்' நாவலுக்கான எண்ணம் தோன்றியதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வின்செஸ்டரின் செயின்ட் கிராஸ் அறவிடுதியின் வருமானம் அதன் தலைவருக்கே போய்ச் சேர்ந்தது குறித்து அக்காலத்தில் வழக்கு நடந்தது. நாவல் இத்தகைய சர்ச்சைகளின் நிழலில் எழுந்தது.

'தி வார்டன்': பன்னிரண்டு முதியவர்கள்

1434இல் இறந்த ஜான் ஹைரம் என்ற கம்பளி வணிகர், உழைத்து ஓய்ந்த பன்னிரண்டு ஏழை முதியவர்களுக்காக ஒரு விடுதியை ஏற்படுத்தி அதற்கு நிலத்தையும் எழுதிவைக்கிறார். காலப்போக்கில் அந்நிலத்தில் வீடுகள் எழும்பி வருமானம் பெருகுகிறது. பெருகிய பணம் விடுதியின் வார்டனாக இருக்கும் குருவுக்குச் செல்கிறது. கதை நடக்கும் காலத்தில் வார்டனான செப்டிமஸ் ஹார்டிங்குக்கு ஆண்டுக்கு 800 பவுன். முதியவர்களுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ். ஹார்டிங் தன் கையிலிருந்து 2 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கிறார்.

ஜான் போல்ட் என்ற இளம் சீர்திருத்தவாதி இதை எதிர்த்து வழக்குத் தொடுக்கிறார். 'ஜூபிடர்' என்ற நாளிதழ் ஹார்டிங்கைப் பேராசைக்காரராகச் சித்தரிக்கிறது. ஆர்ச்டீக்கன் கிராண்ட்லி திருச்சபையின் உரிமைக்காக வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறார். சட்டநுணுக்கம் காரணமாக வழக்கு நிற்காது என்று தெரிந்தபிறகும் ஹார்டிங் பதவியை விட்டு விலகுகிறார். இந்தப் பணம் தனக்கு உரியதுதானா என்ற ஒரே கேள்விதான் அவரை வாட்டுகிறது. சட்டம் அதற்கு விடை சொல்லவில்லை. ஆண்டுக்கு 75 பவுன் வருமானமுள்ள சிறு பங்கு ஒன்றுக்கு அவர் போகிறார்.

குருவின் மனச்சாட்சியைச் சொன்னவகையில் இது நுட்பமான நாவல். ஹார்டிங் தீயவர் அல்லர். நல்லவர் ஒருவர் நியாயமற்ற ஏற்பாட்டின் பயனை ஆண்டுக்கணக்கில் அறியாமலே அனுபவிக்க முடியும் என்பதை டிரோலப் காட்டிவிடுகிறார். அறக்கொடைப் பணம் திசைமாறுவது ஒரு தீமை, அதைப் பெறுபவரைப் பத்திரிகைகள் இரக்கமின்றித் தாக்குவது மற்றொரு தீமை, இரண்டையும் ஒரே நூலில் கண்டிக்க முயன்றது தவறு என்று அவரே பின்னாளில் எழுதினார். ஆனால் இந்த இரட்டைப் பார்வைதான் நாவலுக்கு வலிமை. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்திருந்தால் அது வெறும் பிரச்சாரமாக முடிந்திருக்கும்.

நாவலின் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. முதியவர்களின் கோரிக்கையில் நியாயம் இருப்பதை ஹார்டிங்கின் மனமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அம்முதியவர்களை நாவல் நடத்தும் விதம் வேறு. தலைக்கு ஆண்டுக்கு 100 பவுன் கிடைக்கும் என்ற ஆசையில் மனுவில் கைநாட்டு வைக்கும் ஏமாளிகளாகவே பெரும்பாலோர் வருகிறார்கள். அவர்களில் மதிப்புடன் காட்டப்படுபவர் பன்ஸ். அவர் வார்டனின் பக்கம் நிற்பவர். கேட்டவர்கள் நன்றியற்றவர்களாகவும் கேட்காதவர் நல்லவராகவும் ஆகிவிடுகிறார்கள். முடிவும் அப்படியே. பிஷப் புதிய வார்டனை நியமிப்பதில்லை. இறந்தவர்களின் இடங்கள் நிரப்பப்படவில்லை. தோட்டம் பாழாகிறது. எஞ்சியவர்கள் நாள்தோறும் கிடைத்த 2 பென்ஸையும், அருகில் அமர்ந்து பேசிய நண்பரையும் இழக்கிறார்கள். சீர்திருத்தம் தோற்றதன் விலையை ஏழைகளே கொடுக்கிறார்கள். இது உண்மைக்கு நெருக்கமான அவதானிப்புதான். எனினும் உரிமை கேட்டதற்கு அவர்கள் பெற்ற தண்டனைபோல ஆசிரியர் அதைச் சொல்லியிருப்பது உறுத்துகிறது.

இடைப்பட்ட நாவல்கள்

'பார்செஸ்டர் டவர்ஸ்' பெரிதும் பதவிப் போட்டியின் கதை. பிஷப் புரவுடி, அவரை ஆட்டிவைக்கும் திருமதி புரவுடி, ஒபதாயா ஸ்லோப் ஆகியோர் இதில் அறிமுகமாகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக இத்தாலியில் வாழ்ந்துகொண்டே பார்செட்ஷயர் பங்குகளின் வருமானத்தைப் பெறும் வெசி ஸ்டான்ஹோப் நகைச்சுவைப் பாத்திரமாக வருகிறார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் அவருடைய பங்கு மக்கள் எப்படி இருந்தார்கள் என்பதை நாவல் சொல்வதில்லை. பதினான்கு பிள்ளைகளின் தந்தையான குவிவர்ஃபுல்லுக்கு வார்டன் பதவி கிடைக்கும்போதும் வாசகர் அவர் குடும்பத்தைத்தான் நினைக்கிறார். விடுதி முதியவர்கள் பின்னணியில் மறைந்துவிடுகிறார்கள்.

'தி லாஸ்ட் கிரானிக்கிள்': செங்கல் தொழிலாளியின் குரல்

கடைசி நாவல் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஹாகிள்ஸ்டாக் என்ற வறண்ட ஊரின் குரு ஜோசையா கிராலி. கிரேக்கமும் எபிரேயமும் கற்ற மேதை. வருமானம் ஆண்டுக்கு 130 பவுன். 20 பவுன் காசோலை ஒன்றைத் திருடினார் என்று அவர்மேல் குற்றம் சாட்டப்படுகிறது. அது தன் கைக்கு எப்படி வந்தது என்று அவருக்கே நினைவில்லை. வறுமையும் கர்வமும் சேர்ந்து மனத்தைக் குலைத்துவிடுகின்றன.

அவருடைய பங்கில் செங்கல் அறுக்கும் கூலித் தொழிலாளிகள் வாழ்கிறார்கள். உயர்குடிக் குருமார் எட்டிப்பார்க்காத குடிசைகளுக்குக் கிராலி நாள்தோறும் போய்வந்தவர். குற்றச்சாட்டால் நொறுங்கிக் கிடக்கும் அவரை மழையில் சந்திக்கும் கைல்ஸ் ஹாகெட் என்ற முதிய தொழிலாளி, விடாப்பிடியாக இருப்பதுதான் மனிதனைத் தாங்கும் என்று தன் பேச்சுவழக்கில் சொல்கிறார். கிராலி அதைப் போதனையாக ஏற்று, தன் கடமை எது என்று யோசித்துப் பதவி விலகத் துணிகிறார். இங்கே போதிப்பவர் பங்கு மகன், கேட்பவர் குரு. ஹார்டிங்குக்கும் பன்ஸுக்கும் இடையில் இருந்தது அன்பு, ஆனால் அது எசமானுக்கும் வேலையாளுக்கும் இடையிலான அன்பு. ஹாகெட் கிராலியிடம் எதையும் எதிர்பார்த்துப் பேசவில்லை. இருவரும் வறுமையை அறிந்தவர்கள். வரிசையின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்றாக இதைக் கருதலாம்.

ஆனாலும் டிரோலப் தன் வர்க்கப் பார்வையை முற்றிலும் கடக்கவில்லை. கிராலியின் விடுதலை முழுமையடைவது செல்வந்தரான கிராண்ட்லி அவரைத் தனக்கு நிகரான கனவானாக ஏற்றுக்கொள்ளும்போதுதான். அவருக்கு நல்ல பங்கும் கிடைக்கிறது. ஹாகிள்ஸ்டாக் தொழிலாளிகள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

ஜார்ஜ் எலியட்டுடன் ஒப்பீடு

ஜார்ஜ் எலியட்டின் 'சீன்ஸ் ஆஃப் கிளரிக்கல் லைஃப்' (1858) இதே காலத்தில் வந்த நூல். அதன் முதல் கதையின் நாயகன் ஆண்டுக்கு 80 பவுன் பெறும் உதவி குரு ஏமோஸ் பார்ட்டன். அவர் திறமைசாலியும் அல்லர், மக்களுக்குப் பிடித்தவரும் அல்லர். ஊரார் அவரைப் பற்றிப் பேசும் பேச்சே கதையை நகர்த்துகிறது. அவர் மனைவி மில்லி இறந்தபிறகு, குறைசொன்ன அதே மக்கள் துணைக்கு வருகிறார்கள். எலியட் குருவைப் பங்கு மக்களின் கண்களால் பார்க்கிறார். டிரோலப் பெரும்பாலும் குருமனையின் சன்னல் வழியாக வெளியே பார்க்கிறார்.

இலக்கிய இடம்

குருமாரின் வேதசிந்தனையையோ வழிபாட்டையோ டிரோலப் அதிகம் தொடவில்லை என்பது பொதுவான விமர்சனம். அவருடைய அக்கறை ஊதியம், பதவி, குடும்பம், ஊர்ப்பேச்சு ஆகியவற்றில் இருந்தது. ஒரு நிறுவனம் சீர்திருத்தப்படும்போது அதற்குள் வாழும் மனிதர்கள் படும் பாட்டை இவ்வளவு நிதானமாகச் சொன்ன ஆங்கில நாவலாசிரியர்கள் குறைவு. வரலாற்று மாணவர்கள் இந்நாவல்களை குருமாரின் வாழ்க்கைக்கு நம்பகமான சித்திரமாகக் கொள்ளலாம். பங்கு மக்களின் வாழ்க்கையை அறிய இவை மட்டும் போதா.