எறிவது கயிற்றை

ஃப்ளாரிடா கீஸ் தீவுகளைச் சுற்றி முழங்காலளவுத் தண்ணீர் மைல் கணக்கில் விரிந்து கிடக்கிறது. அடியில் வெளிர்மணல், திட்டுத்திட்டாகக் கடற்புல். நீரேற்றத்தோடு மேய வரும் போன்ஃபிஷ் அங்கே கண்ணுக்கு எளிதில் சிக்காது. அதன் வெள்ளிச் செதில்கள் சுற்றியிருக்கும் மணலையும் ஒளியையுமே திருப்பிக் காட்டும். மீனுக்கு முன்னால் மீனின் நிழல்தான் தெரியும். தலை கவிழ்ந்து மணலைக் கிளறும்போது மட்டும் வால் நுனி நீருக்கு மேலே எழுந்து வெயிலில் மின்னும். அந்த வாலுக்கு இரண்டு முழம் முன்னால், இறகும் முடியும் நூலும் சுற்றிய ஒரு பொய் இரையைச் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். அதுவும் ஐம்பது அடி தள்ளி நின்று, கடற்காற்றின் நடுவில்.

நம் கரைகளில் தங்கூஸ் நரம்பில் முள் கட்டி, ஈயம் கோத்து வீசுவோம். ஈயம் பறக்கும், நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். இந்தப் பொய் இரையை வீசும் ஃப்ளை தூண்டிலில் இது அப்படியே தலைகீழ். பொய் இரைக்குச் சொல்லும்படியான கனம் இல்லை. கனம் முழுவதும் கயிற்றில் இருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சுள்ள அந்தத் தடித்த கயிறு காற்றில் வளையமாக உருண்டு விரிய, இரை அதன் நுனியைப் பற்றிக்கொண்டு போய் இறங்குகிறது. இதை அறிந்தவர் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கயிற்றைத்தான் கேட்பார். பெரும்பாலான புதியவர்கள் கோலில் மயங்கி, ரீலில் மனம் பறிகொடுத்து, பையில் மிஞ்சிய காசுக்குக் கயிறு வாங்குகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பேன்.

கோலின் கைப்பிடிக்கு மேலே ‘8’ என்று எழுதியிருக்கும். அந்த எண் கயிற்றைக் குறிப்பது. எட்டாம் எண் கயிற்றின் முதல் முப்பது அடி 210 கிரெய்ன் எடை, அதாவது ஏறத்தாழ 13.6 கிராம். நம் கணக்கில் ஒன்றே முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கனத்தைத் தாங்கி வளையத் தக்க கோல் என்பதே எண்ணின் பொருள். போன்ஃபிஷுக்கு எட்டு போதும். ஆளுயரத்தையும் தாண்டும் டார்பன் மீனுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வேண்டும். தொடங்குகிறவர் எட்டில் தொடங்குவதே நல்லது. காற்றை அறுத்துப் போகும், நாள் முழுக்க வீசினாலும் தோள் நோகாது.

கயிற்றில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மலையோடைகளின் குளிர்நீருக்காகச் செய்த கயிறு வெப்பமண்டல வெயிலில் இளகித் துவண்டுவிடும். முதல்முறை நான் எடுத்துப் போனது அதைத்தான். காலையில் வழுக்கிக்கொண்டு ஓடிய கயிறு உச்சிவெயிலில் கோலின் வளையங்களில் ஒட்டி ஒட்டி நின்றது. மீன் என் எதிரிலேயே மேய்ந்துவிட்டுப் போனது. வெப்பக் கடலுக்கென்று விறைப்பான உட்சரடு வைத்துச் செய்த கயிறு தனியாகக் கிடைக்கிறது. முன்பகுதி தடித்து, பின்பகுதி மெலிந்த மிதவைக் கயிறாக அது இருக்கட்டும்.

கோல் ஒன்பது அடி, நான்கு துண்டு. கடற்கோல் என்றால் விறைப்பாக இருக்க வேண்டும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. புதியவர் கைக்கு அது ஒத்துவராது. கயிற்றின் கனத்தில் கோல் வளைவது கைப்பிடி வரை உணரப்பட்டால்தான் எப்போது நிறுத்துவது, எப்போது முன்னே தள்ளுவது என்பதைக் கை கற்றுக்கொள்ளும். வாங்கும் முன் ஒரு புல்வெளியில் கயிறு பூட்டி வீசிப் பாருங்கள்.

ரீல் ஆற்றில் வெறும் கயிற்றுப் பெட்டி. கடலில் அதுதான் கடிவாளம். முள் பட்டதும் போன்ஃபிஷ் நூறு கெஜத்துக்குக்கூட ஒரே மூச்சில் ஓடும். கயிறு தீர்ந்து, அதற்கடியில் சுற்றியிருக்கும் டேக்ரான் நூலும் ஓடத் தொடங்கும். இருநூறு கெஜம் நூல் அங்கே இருந்தாக வேண்டும். அந்த முதல் நொடியில் பிரேக் தயங்காமல் இளகிக் கொடுப்பதில்தான் ரீலின் தரம் இருக்கிறது. கொஞ்சம் இறுகி நின்று பிறகு விட்டால் கயிற்றையும் இரையையும் இணைக்கும் நுனி நரம்பு அறுந்துவிடும். உப்புநீர் புகாதபடி மூடிய பிரேக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

பொய் இரைகளில் இரண்டு வகை இருந்தால் போதும். ஒன்று, பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவு வழிகாட்டி சார்லி ஸ்மித்தின் பெயர் தாங்கிய ‘கிரேஸி சார்லி’. மற்றொன்று, பென்சில்வேனியாவின் பாப் கிளவுசர் கட்டிய ‘கிளவுசர் மின்னோ’. முள்ளின் கழுத்தில் அவர் இரட்டைக் குண்டு போன்ற உலோகக் கண்களைக் கட்டினார். அந்தக் கனத்தால் இரை தண்ணீரில் புரண்டு, முள்முனை மேல்நோக்கி நிற்கும், கடற்புல்லில் மாட்டாது. இவ்வளவு சிறிய மாற்றத்தில் இவ்வளவு பெரிய யோசனை! இந்த இரண்டில் சேராவிட்டாலும், லெஃப்டி க்ரே கட்டிய ‘டிசீவர்’ என்ற பொய் இரை 1991-இல் அமெரிக்க அஞ்சல்தலையிலேயே இடம்பெற்றது. அதன் நீண்ட இறகுகள் நீரில் விரிந்து சுருங்குவதை ஒருமுறை பார்த்தால் அந்த மரியாதை ஏன் என்று புரியும்.

போலராய்டு கண்ணாடியையும் தூண்டிலின் ஓர் உறுப்பாகவே எண்ணுங்கள். செம்பு நிறக் கண்ணாடி நீரின் மேல்பளபளப்பை நீக்கி அடிமணலைக் காட்டும். அது இல்லாமல் வீசுவது இருட்டில் வீசுவதுதான். முள்முனையில் எதிர்த்து நிற்கும் சிறு கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். ஃப்ளாரிடாவில் போன்ஃபிஷைப் பிடித்தால் திரும்ப விட்டாக வேண்டும். கொக்கியில்லாத முள் வாயைக் கிழிக்காமல் கழன்று வரும்.

மாலையில் கரை ஏறியதும் ரீலின் பிரேக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவுவேன். குழாயின் வேகம் உப்பை உள்ளே தள்ளிவிடும். பிறகு பிரேக்கைத் தளர்த்தி நிழலில் வைப்பேன். கடைசியில் ஈரத்துணியை மடித்துப் பிடித்து, கயிற்றை அதன் நடுவே நுனிவரை உருவுவேன். முதலில் நறநறவென்று மணலும் உப்பும் விரலில் படும். இரண்டாம் முறை உருவும்போது சத்தம் அடங்கிவிடும். மூன்றாம் முறை கயிறு துணிக்குள் வழுக்கிக்கொண்டு போகும்.