கூகை கக்கிய உருண்டை

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கூகை என்னும் ஆந்தையின் முகம் உடனே பிடித்துப்போகும். அப்படியொரு வெண்மை, இதய வடிவம். அது வெறும் அழகல்ல. ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்புவது அந்தத் தட்டை முகம்தான். ஒரு காது மற்றதைவிடச் சற்று மேலே இருப்பதால், கும்மிருட்டிலும் வரப்போரம் எலி கொறிக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

இரையைப் பெரும்பாலும் முழுசாக விழுங்கும் கூகை, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். கட்டைவிரல் பருமன், புதிதில் கருத்து மினுங்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடுகளும் எலியின் ஆரஞ்சு நிற முன்பற்களும் கிடைக்கும். தமிழக நெல்வயல் பகுதிகளில் இப்படிப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி, மூஞ்சூறு என்று இனம் பிரித்திருக்கிறார்கள்.

கூகை கூடு கட்டுவதில்லை.

கோபுர மாடம், மரப்பொந்து, பாழடைந்த கட்டடம் எதுவும் போதும். உதிர்ந்த உருண்டைத் தூள்மீதே 4 முதல் 7 வெள்ளை முட்டைகள் இடும். முட்டைக்கு முட்டை இரண்டு மூன்று நாள் இடைவெளி. ஆனால் முதல் முட்டையிலேயே அடைகாத்தல் தொடங்கிவிடுகிறது; பொரிக்க ஏறத்தாழ 30 நாள். அதனால் குஞ்சுகள் ஒன்றைவிட ஒன்று சிறிதாக வரிசையில் நிற்கும். எலி குறைந்த பருவத்தில் கடைக்குட்டி பிழைப்பது அரிது.

வயலில் டி வடிவப் பறவைத் தாங்கி நடச் சொல்லி வேளாண் துறையினர் பரிந்துரைப்பது கூகையின் இந்த எலிப்பசியை நம்பித்தான். விஷம் தின்ற எலியைப் பிடித்தால் கூகையும் சாகக்கூடும். தாங்கி நட்ட வயலில் எலி விஷத்தைத் தவிர்ப்பதே நல்லது.