எளிய நுண்கணிதமும் ஒரு கடினமான அத்தியாயமும்

2-ஐ அடிமானமாகவும் க-வை அடுக்காகவும் கொண்ட சார்பின் வகைக்கெழு யாது? நுண்கணிதம் பயிலத் தொடங்கிய மாணவர்களிடம் இவ்வினாவைக் கேட்டால், பலர் சற்றும் தயங்காமல் க-வை முன்னால் கொண்டுவந்து அடுக்கில் ஒன்றைக் குறைத்து விடுவார்கள். க-இன் வர்க்கம், கனம் ஆகியவற்றை வகையிடும்போது பயன்படும் விதி அது. அங்கே மாறுவது அடிமானம். இங்கே மாறுவதோ அடுக்கு. விதியைப் பிடித்துக்கொண்டவர்கள் இந்த வேற்றுமையைக் கவனிப்பதில்லை.

இந்த இடத்தில் மாணவருக்குத் துணை நிற்கும் என்று உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் நூல் ஒன்று உண்டு. 1910-இல் லண்டனில் மாக்மில்லன் நிறுவனம் வெளியிட்ட ‘கால்குலஸ் மேட் ஈஸி’ என்பதே அது. ஆசிரியர் பெயர் அதில் இல்லை. ராயல் சங்க உறுப்பினர் என்பதைக் குறிக்கும் ‘எஃப்.ஆர்.எஸ்.’ என்ற மூன்றெழுத்துகள் மட்டுமே இருந்தன. எழுதியவர் சில்வேனஸ் தாம்சன் என்பது 1916-இல் அவர் மறைந்த பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. தாம்சன் கணித மேதை அல்லர். இயற்பியலாளர், மின்பொறியியல் ஆசிரியர். லண்டனிலிருந்த ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக 1885 முதல் இறுதிவரை பணியாற்றியவர். தொழில் கற்க வந்த இளைஞர்களுக்குப் பாடம் சொன்ன பழக்கம் நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. கணிதப் பேராசிரியர்கள் வேண்டுமென்றே விஷயத்தைக் கடினமாக்குகிறார்கள் என்று அவர் கேலி செய்யும் இடங்களும் சுவையானவை. ஆனால் அந்தக் கேலியை அவருடைய நூலின் பதினான்காம் அத்தியாயத்தின் மீதே திருப்பலாம் என்பது என் கருத்து.

அந்த அத்தியாயம் வங்கிக் கணக்கோடு மிக அழகாகத் தொடங்குகிறது. ஒருவரிடம் 100 பவுன் இருக்கிறது. ஆண்டுக்கு 10 விழுக்காடு தனி வட்டி என்றால், பத்தாண்டில் அது 200 பவுன் ஆகும். ஆண்டுதோறும் வட்டியை முதலோடு சேர்த்தால் 259.37 பவுன். பத்தாண்டை நூறு கூறுகளாக்கி ஒவ்வொரு கூறுக்கும் 1 விழுக்காடு சேர்த்தால் 270.48. ஆயிரம் கூறுகளாக்கினால் 271.69. கூறுகளை எவ்வளவு பெருக்கினாலும் தொகை 271.83-ஐத் தாண்டுவதில்லை. 2.71828... என்னும் எண் இவ்வாறு பிறக்கிறது. கூட்டு வட்டியில் இந்த வரம்பை முதலில் ஆராய்ந்தவர் 1683-இல் ஜேக்கப் பெர்னூலி. இன்று உலகம் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கும் இந்த எண்ணைத் தாம்சன் கிரேக்க எழுத்தாகிய எப்சைலானால் குறிக்கிறார். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து அவர் ஈருறுப்புத் தேற்றத்தைக் கையில் எடுக்கிறார். கூறுகளின் எண்ணிக்கை மிகப் பெரிதாகும்போது, அதிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் இரண்டைக் கழித்தாலும் வேறுபாடு இல்லை என்று கூறி, முடிவில்லாத் தொடர் ஒன்றைப் பெறுகிறார். தொடரின் முதற்சில உறுப்புகளுக்கு இது சரி. கூறுகளின் எண்ணிக்கைக்கு ஈடான தொலைவிலுள்ள உறுப்புகளில் கழிக்கப்படும் எண்ணும் பெரிதாயிற்றே! அவ்வுறுப்புகள் மிகச் சிறியவை ஆதலால் விடையில் பிழை நேர்வதில்லை; அதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். பிறகு தொடரை உறுப்பு உறுப்பாக வகையிடுகிறார். ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முந்தைய உறுப்பாக மாறுகிறது; தொடர் முழுவதும் மாறாமல் நிற்கிறது. ஆகவே இச்சார்பின் வகைக்கெழு அச்சார்பே என்று முடிக்கிறார்.

மாணவர் இதைப் பார்த்து வியப்பார். செப்படி வித்தையைப் பார்த்தும் நாம் வியக்கிறோம். ஏன் அப்படி நிகழ்கிறது என்பது விளங்கிற்றா? வளர்ச்சி வேகம் அப்போதுள்ள அளவுக்கு விகித சமமாக இருக்கும் என்று தாம்சன் அதே அத்தியாயத்தில் சொல்லத்தான் சொல்கிறார். சொல்லிவிட்டு, வகைக்கெழு காணும்போது அதைப் பயன்படுத்தாமல் தொடரின் பின்னால் போய்விடுகிறார். 2-ஐ அடிமானமாகக் கொண்ட சார்போ இன்னும் பின்னால், மடக்கை வழியாக, ஒரு சூத்திரமாக வந்து சேர்கிறது. எளிதானது பின்னாலும் அரிதானது முன்னாலும் நிற்கின்றன.

மாற்று வழி என்ன? மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். தொடக்கத்தில் 1,000. மூன்று மணி நேரத்தில் 8,000. நான்காம் மணி முடிவில் 16,000. மூன்றாம் மணி முடியும் கணத்தில் வளர்ச்சி வேகம் என்ன? மாணவர்கள் தவறாகக் கையாளும் அந்த விதிப்படி, 3-ஐ 2-இன் வர்க்கத்தால் பெருக்க 12. அதாவது மணிக்கு 12,000. ஆனால் அடுத்த ஒரு மணி முழுவதிலும் கூடியதே 8,000தான். வேகமோ கணத்துக்குக் கணம் ஏறிக்கொண்டே போகிறது. அப்படியானால் அந்த மணியின் தொடக்க வேகம் 8,000-க்குக் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? இன்னொரு வேடிக்கை: அதே விதிப்படி தொடக்கக் கணத்தில் வேகம் பூச்சியம். வளரவே தொடங்காத கூட்டம் ஒரு மணியில் எப்படி இரட்டித்தது?

சரியான விடையைக் காண, ஒரு மணியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தை எடுத்துக்கொள்வோம். அந்நேரத்தில் கூட்டம் 1.000693 மடங்காகிறது. மணிக்கணக்கில் பார்த்தால், அப்போதுள்ள அளவைப் போல் 0.693 மடங்கு வேகம். இன்னும் சிறிய நேரங்களை எடுத்தால் இவ்வெண் 0.6931 என்று நிலைக்கிறது. இந்தக் கணக்கில் கூட்டத்தின் அளவு எங்கும் நுழையவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அளவு 1,000 ஆனாலும் 8,000 ஆனாலும் பெருக்கும் எண் அதே 0.6931. ஆகவே மூன்றாம் மணி முடிவில் வேகம் மணிக்கு 5,545. நான்காம் மணி முடிவில் 11,090. இடைப்பட்ட மணியின் சராசரியாகிய 8,000 இவ்விரண்டுக்கும் நடுவே அமைவதைக் காண்க.

மணிக்கு மும்மடங்காகும் கூட்டத்துக்கு இதே கணக்கைச் செய்தால் பெருக்கும் எண் 1.0986. இரட்டிப்புக்கு ஒன்றைவிடக் குறைவு. மும்மடங்குக்கு ஒன்றைவிட அதிகம். அப்படியானால் 2-க்கும் 3-க்கும் இடையே, பெருக்கும் எண் சரியாக ஒன்றாகும் அடிமானம் ஒன்று இருந்தாக வேண்டும். 2.7 என்றால் 0.9933, 2.72 என்றால் 1.0006. தேடிச் சென்றால் 2.71828... கிடைக்கிறது. வகைக்கெழுவும் சார்பும் ஒன்றாக இருப்பதற்கு இதுவே காரணம்; அப்படி இருக்குமாறு நாமே அடிமானத்தைத் தேர்ந்தெடுத்தோம்! 0.6931, 1.0986 என்ற எண்களும் வேற்றாள்கள் அல்ல. புதிய அடிமானத்தில் 2, 3 ஆகியவற்றின் மடக்கைகளே அவை. இயல் மடக்கை என்ற பெயரைக் கேட்டு இதில் இயல்பாக என்ன இருக்கிறது என்று முணுமுணுத்த மாணவருக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

இதன் பிறகு தாம்சனின் வங்கிக்குத் திரும்பினால் அதன் அழகு இரட்டிக்கிறது. பெருக்கும் எண் ஒன்று என்றால், ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வளர்ச்சி என்று பொருள். அதை ஆயிரம் முறை தொடர்ந்து செய்தால் 2.7169. மேலே 100 பவுன் 271.69 பவுன் ஆன கணக்கு இதுவேயன்றோ! வட்டிக் கணக்கும் வகைக்கெழுவும் ஒரே செய்தியின் இரு முகங்கள் என்பதைத் தாம்சன் அறிந்திருந்தார். அத்தியாயத்தின் தலைப்பிலேயே கூட்டு வட்டியையும் உயிர்களின் வளர்ச்சியையும் சேர்த்து வைத்திருக்கிறார். இடையிலுள்ள பாலத்தை மட்டும் கட்டாமல் விட்டுவிட்டார்.

இதற்காக நூலை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். சூடான பொருள் ஆறுவது, ஒளி அடுக்கடுக்கான படலங்களில் தேய்வது ஆகியவற்றை அதே சார்பால் விளக்கும் பிற்பகுதிக்கு ஈடாக நம் பாடநூல்களில் நான் கண்டதில்லை. 1998-இல் மார்ட்டின் கார்ட்னர் திருத்தி வெளியிட்ட பதிப்பில் சார்பு, எல்லை, வகைக்கெழு பற்றி மூன்று அத்தியாயங்களை முன்னால் சேர்த்திருக்கிறார். புதியவர்கள் அப்பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பதிப்பாயினும், பதினான்காம் அத்தியாயத்துக்குள் நுழையும் முன் ஒரு கணிப்பானை வைத்துக்கொண்டு 2, 3, 2.7 ஆகியவற்றுக்கு மேற்சொன்ன கணக்கைச் செய்துவிடுங்கள். அப்படியே 10-க்கும் செய்து பாருங்கள், 2.3026 வரும்.