டேஷ்போர்டில் கிடந்த புத்தகம்

கார் வாங்கி நாலு வருஷம் ஆகியும் அதோட கையேட்டை நான் முழுசாகப் படித்ததில்லை. போன மே மாதம்தான் படித்தேன். படிக்க வைத்தது நடுவட்டம் இறக்கம்.

ஊட்டியிலிருந்து சேரம்பாடிக்குச் சாமான்களோடு திரும்பிக்கொண்டிருந்தோம். நடுவட்டம் தாண்டி, கூடலூர் இறங்குற வழியில பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போச்சு. ரெண்டு மூணு தடவை விட்டு விட்டு மிதிச்சதும் பாதிதான் பிடிச்சது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து, ஓரமாக ஒதுக்கிவிட்டேன். பின்சீட்டில் அம்மாவும் பொண்ணும். அரை மணி நேரம் ஆறினபிறகு, ஒண்ணுமே நடக்காத மாதிரி பெடல் பழையபடி கெட்டியாச்சு.

மறுநாள் மெக்கானிக் கேட்டார்: "பிரேக் ஆயில் எப்பண்ணே மாத்துனீங்க?"

"மாசாமாசம் லெவல் பாக்குறேனே, குறையவே இல்ல."

"லெவலைக் கேக்கலண்ணே. மாத்துனது எப்ப?"

இந்த ரெண்டு கேள்விக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. வீட்டிலேயே காரைப் பார்த்துக்கொள்பவன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆயில் மாத்துவேன், ஏர் ஃபில்டர் மாத்துவேன், பிளக் கழட்டித் துடைப்பேன். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை எழுத்தும் வீடியோவும்தான். அவை எங்கே என்னைக் கைவிட்டன?

முதலில் விஷயம். நம் கார்களில் ஊற்றுகிற டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு அதே கணக்கு 230, 155. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தின் சூடு ஆயிலுக்கு ஏறும். அது கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நம் கால் அழுத்துவது அந்தக் குமிழியைத்தான். ஆறினால் குமிழி மறையும், பெடல் திரும்பும். ஆனால் டப்பாவில் லெவல் மட்டும் கடைசி வரை சரியாகவே காட்டும்.

இப்போது கையேடு. அதில் இது இல்லை என்று சொன்னால் பொய். பராமரிப்பு அட்டவணையில், பொடி எழுத்தில், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று என்று இருந்தது. ஆனால் ஏன் என்று ஒரு வரி கிடையாது. அதே புத்தகம் லெவல் பார்ப்பதற்குப் படத்தோடு அரைப் பக்கம் ஒதுக்குகிறது. படிக்கிறவன் எதை முக்கியம் என்று எடுத்துக்கொள்வான்? கட்டளை மட்டும் போட்டு காரணத்தை மறைக்கிற எழுத்தை மனசு சீக்கிரமே தள்ளி வைத்துவிடும். வருஷத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கிற ஊர்க்காரனுக்கு, "இது ஈரத்தைக் குடிக்கும்" என்ற மூணு வார்த்தை போதுமாக இருந்திருக்கும்.

இதற்கு நேர் எதிர்முனையில் ஒரு புத்தகம் உண்டு. ஜான் மியூர் என்ற எஞ்சினியர் 1969இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஃபோக்ஸ்வேகன் பழுது நூல். ஒண்ணும் தெரியாத முட்டாளுக்காக எழுதியது என்று தலைப்பிலேயே கேலியாகச் சொல்லிக்கொள்கிறது. பீட்டர் அஷ்வாண்டன் வரைந்த படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அண்ணன் மாதிரி, காரணத்தைச் சொல்லிவிட்டு வேலைக்கு வருவார் மியூர். அதுதான் அதன் பலம். பலவீனமும் அங்கேதான்: அவர் பேச்சில் மயங்கினால் எல்லாமே நம்மால் முடியும் என்று தோன்றிவிடும். காற்றால் குளிரூட்டப்படும், கம்ப்யூட்டர் இல்லாத ஒரு வண்டிக்கு அந்த நம்பிக்கை பொருந்தியது. ஸ்கேனர் இல்லாமல் எச்சரிக்கை விளக்கின் அர்த்தமே புரியாத இன்றைய வண்டிக்கு அப்படியே பொருந்தாது.

பூட்டி வைப்பதில் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. ஆனால் காரணம் சொல்லாத என் கையேட்டையும் இந்த வழக்கையும் சேர்த்துப் பார்த்தால், வண்டிக்குச் சொந்தக்காரன் வண்டியைப் பற்றி ரொம்பத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்கிற ஒரே மனநிலைதான் தெரிகிறது.

மூணாவது, தமிழ் வீடியோக்கள். எனக்கு இவற்றின் மேல் நன்றி உண்டு. எந்த நட்டு, எந்தப் பக்கம் திருகணும், கை எங்கே நுழையும் என்பதை எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. ஆனால் நான் பார்த்தவற்றில் பலவும் சமதளத்தில் எடுத்தவை. எங்கள் ஊரில் வீட்டு முற்றமே சரிவு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதை ஒரு வீடியோவில் சர்வசாதாரணமாகக் காட்டினார்கள். சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுப்பதும், கீழே ஸ்டாண்டு வைப்பதும் 'போரடிக்கும்' என்று வெட்டப்பட்டிருக்கலாம். வெட்டப்பட்ட அந்த அரை நிமிஷம்தான் பார்க்கிறவனின் உயிர்.

ஆக, கையேடு கட்டளையைச் சொல்கிறது, மியூர் காரணத்தைச் சொல்கிறார், வீடியோ கையைக் காட்டுகிறது. மூணிலும் நான் தேடிக் கிடைக்காதது ஒன்று: "இதோடு நிறுத்திக்கொள், இனி மெக்கானிக்கிடம் போ" என்கிற எல்லைக்கோடு. அதைப் போடத் தெரியாத பழுது எழுத்து, எவ்வளவு நன்றாக இருந்தாலும், அரைகுறைதான் என்பது என் தீர்ப்பு.

என் கோட்டை நானே போட்டுக்கொண்டேன். ஆயில், ஃபில்டர், பிளக், பேட்டரி, வைப்பர் என் வேலை. பிரேக்கில் பார்ப்பது மட்டும் என் வேலை. மாத்துறது, ஏர் எடுக்கிறது மெக்கானிக் வேலை. பிரேக் ஆயில் டப்பா மேல் மாற்றின தேதியை எழுதி ஒரு டேப் ஒட்டியிருக்கிறேன். அப்புறம், எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வதை இப்போது நடுவட்டத்தில் மறப்பதில்லை.

உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாத்தினீங்க? லெவலைக் கேக்கல.